நேரம் குறையக் குறைய விதி கூடும்: டீசல் டிரக் டிராக் ரேஸில் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது?

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டைப் பக்கம் வண்டி மோகம் உள்ள பையன்கள் போனில் இப்போது அதிகம் சுற்றுவது அமெரிக்க டீசல் பிக்கப் வீடியோக்கள்தான். கரும்புகையைக் கக்கிக்கொண்டு மூன்று டன் வண்டி நேர்கோட்டில் பாய்கிறது, பத்துப் பதினொரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பார்த்தவர்களில் பாதிப் பேர், “மிதிக்க வேண்டியதுதானே, இதில் என்ன ரூல்ஸ்?” என்கிறார்கள். மீதிப் பேர், “உயிர் போனால் போகட்டும் என்று ஓட்டுகிறார்கள்” என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. அந்தப் பத்து விநாடிக்குப் பின்னால் கெட்டியான ஒரு விதிமுறை இருக்கிறது. அது தெரியாமல் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, பொலிரோவுக்குப் பலம் கூட்டும் சிப் போட்டு ராத்திரி பைபாஸில் ஓட்டிப் பார்க்கும் ஆசை நம் ஊரிலும் வந்துவிட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிராக் ரேஸ் என்பது என்ன?

நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் கிளம்பி நேராக ஓடும் பந்தயம் இது. வளைவு கிடையாது. தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். பல இடங்களில் அதில் பாதியான அரைக்கால் மைல், சுமார் 201 மீட்டர். நடுவில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும். மஞ்சள் எரிந்து பச்சை வந்தால் கிளம்பலாம். முந்திக் கிளம்பினால் சிவப்பு எரியும், ஆட்டம் போச்சு.

கிளம்பும் கோட்டைவிட்டு வண்டி நகர்ந்ததிலிருந்து முடிவுக் கோட்டைத் தொடும்வரை ஆகும் நேரம்தான் ‘ஓட்ட நேரம்’. இந்தச் சொல்லை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாதுகாப்பு விதியும் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இன்னொன்று, இங்கே டிரக் என்பது நம் ஊர்ப் பத்துச் சக்கர லாரி இல்லை. முன்னால் கேபினும் பின்னால் திறந்த தொட்டியுமாக இருக்கும் பெரிய பிக்கப் வண்டிகள். கம்மின்ஸ் இன்ஜின் வைத்த ராம், பவர் ஸ்ட்ரோக் வைத்த ஃபோர்டு, டியூராமேக்ஸ் வைத்த செவ்ரலே, இந்த மூன்று குடும்பங்கள்தான் களத்தில் அதிகம்.

விதி எழுதும் பெரிய அமைப்பு என்.எச்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ஹாட் ராட் சங்கம். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தொடங்கியது. தெருவில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களைத் தெருவைவிட்டுக் கூட்டிவந்து, ஒழுங்கான தடத்தில் ஓட வைக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். டீசலுக்கென்று அவுட்லா டீசல் சூப்பர் சீரிஸ் போன்ற தனித் தொடர்கள் பிறகு வந்தன. அவையும் பாதுகாப்பு விஷயத்தில் பெரும்பாலும் என்.எச்.ஆர்.ஏ. விதிப் புத்தகத்தையே ஒட்டிப் போகின்றன.

நமக்குத் தெரிந்த பந்தயத்திலிருந்து தொடங்குவோம்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் இருக்காது. அங்கே எல்லா மாட்டையும் ஒரே ஓட்டத்தில் விடுவதில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு, பரிசு வேறு. பெரிய மாட்டைப் பூஞ்சிட்டு ஓட்டத்தில் நுழைக்கப் பார்த்தால் கமிட்டிக்காரர்கள் விடமாட்டார்கள். மாட்டின் பலம் எவ்வளவோ அதற்குத் தகுந்த பிரிவு என்பது அதன் அடிப்படை.

டிராக் ரேஸிலும் அதே அடிப்படைதான், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மாட்டை ஓடுவதற்கு முன்பே பார்த்துப் பிரித்துவிடலாம். டீசல் வண்டியை வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பார்க்க ஒரே மாதிரி இரண்டு ராம் பிக்கப் நிற்கும். ஒன்று கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும், இன்னொன்றில் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் மாற்றி இரண்டு மடங்கு பலம் ஏற்றியிருப்பார்கள். அதனால் விதி இன்ஜினைக் கேட்பதில்லை, ஓட்ட நேரத்தைக் கேட்கிறது. எத்தனை விநாடியில் ஓடுகிறாயோ அதற்குத் தகுந்த பாதுகாப்பு உன் வண்டியில் இருக்க வேண்டும்.

டீசல் வகுப்புகள் சிலவற்றில் இது இன்னும் நேரடியாகத் தெரியும். அரைக்கால் மைலில் 7.70, 6.70, 5.90 விநாடி என்று குறிநேரம் வைத்த வகுப்புகள் உண்டு. 7.70 வகுப்பில் 7.65 ஓடினால் கைதட்டல் கிடைக்காது. எல்லையை மீறியதாகக் கணக்கு, பெரும்பாலும் தோல்வி. வேகமாக ஓட வேண்டுமா, அடுத்த வகுப்புக்குப் போ, அதற்கு வேண்டிய பாதுகாப்பையும் போட்டுக்கொண்டு போ.

சுருக்கமாக: வண்டி என்ன மாடல், இன்ஜின் என்ன என்பதெல்லாம் இரண்டாவது. ஓட்ட நேரமும் கோட்டைத் தாண்டும் வேகமும்தான் விதியைத் தீர்மானிக்கின்றன.

டீசல் டிரக்கில் ஆபத்து எங்கே இருக்கிறது?

முதலில் எடை. 3,200 கிலோ பிக்கப் ஒன்று கால் மைலைப் பதினொரு விநாடியில் ஓடினால், கோட்டைத் தாண்டும்போது ஏறக்குறைய 200 கி.மீ. வேகத்தில் இருக்கும். அப்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல், மொத்தம் 16 டன் எடையோடு புதுவயலிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவரும் லாரி 90 கி.மீ. வேகத்தில் போகும்போது இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அவ்வளவையும் பிரேக் தின்று தீர்க்க வேண்டும். சின்னக் காருக்கு இந்தச் சுமை கிடையாது. ‘டிரக்தானே, கெட்டியாக இருக்கும்’ என்ற நினைப்பு இங்கேதான் கவிழ்கிறது. கனம் கூடினால் நிறுத்துவதும் கஷ்டம், உருண்டால் கூரை தாங்குவதும் கஷ்டம்.

அடுத்தது தீ. டீசல் தீப்பிடிக்காது என்று நம் ஊர் டிரைவர்கள் பலரும் சொல்வார்கள். வாளியில் இருக்கும் டீசலில் தீக்குச்சியைப் போட்டால் சட்டென்று பற்றாது, அது உண்மை. ஆனால் தீப்பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றுவதில் டீசல் பெட்ரோலைவிடச் சீக்கிரம். டீசல் இன்ஜின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவதே அதனால்தான். புதிய டீசல் இன்ஜின்களின் எரிபொருள் குழாயில் அழுத்தம் ‘பார்’ என்ற அலகில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஊசிமுனை அளவு கசிவு ஏற்பட்டால் டீசல் சொட்டாது, பனிப்படலமாகப் பீய்ச்சும். பக்கத்திலேயே செக்கச் செவேலென்று காய்ந்த டர்போ நிற்கிறது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் டீசலுக்கே உரிய பேராபத்து. சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்காமல், தானாக வேகம் ஏறிக்கொண்டே போவது. இதை ‘தறிகெட்ட ஓட்டம்’ என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் இன்ஜினில் உள்ளே போகும் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் காற்று தாராளமாகப் போகும். எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறோம் என்பதை வைத்துத்தான் கட்டுப்பாடு. டர்போவின் சீல் போய், இன்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டால் அந்த ஆயிலே எரிபொருளாகிவிடும். டீசலை நிறுத்தினாலும் பயன் இல்லை. ஆயில் தீரும்வரை, அல்லது இன்ஜின் சிதறும்வரை ஓடும்.

பழைய லாரி மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு ஈரச் சாக்கைத் திணித்து நிறுத்திய கதையை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். கேட்க வீரமாக இருக்கும். ஆனால் அந்த உறிஞ்சும் விசையில் சாக்கோடு கையும் போகும் தூரத்தில் நின்றுதான் அதைச் செய்கிறார்கள். ரேஸ் வண்டியில் இதற்கென்றே காற்று அடைப்பான் வைக்கிறார்கள். டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பிடியை இழுத்தால் காற்றுப் பாதையில் தகடு ஒன்று விழுந்து மூடிவிடும். காற்று இல்லையென்றால் எந்த எரிபொருளும் எரியாது. டிராக் ரேஸின் பங்காளியான டிரக் புல்லிங் என்ற இழுவைப் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பிடியை ஒரு கேபிளால் பின்னால் இழுக்கும் சுமையோடு கட்டிவைக்கிறார்கள். கொக்கி அறுந்து டிரக் தனியாகப் பாய்ந்தால், டிரைவர் எதுவும் செய்யாமலே காற்று அடைபட்டுவிடும்.

கடைசியாக, பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான தண்டு, நம் பட்டறைகளில் சொல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட். டீசலின் முறுக்குவிசை கிளம்பும் நொடியில் மொத்தமாக இதன்மேல்தான் விழும். தண்டின் முன்பக்க மூட்டான கிராஸ் உடைந்தால் தண்டின் முன்முனை தரையில் விழுந்து குத்தி நிற்கும். ஓடும் வண்டி அதன்மேல் ஏறித் தூக்கியெறியப்படும், இல்லையென்றால் தண்டு தரையைப் பிய்த்துக்கொண்டு கேபினுக்குள் வரும். இதைத் தடுக்க அந்தக் கிராஸிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் தண்டைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு வளையம் போட வேண்டும் என்கிறது விதி. பெரிய செலவு இல்லை. உயிரைக் காப்பாற்றுவதில் இதற்கு நிகரான மலிவான பொருள் வண்டியில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

எந்த நேரத்துக்கு எது கட்டாயம்?

என்.எச்.ஆர்.ஏ. விதிகளின் முக்கியமான எல்லைகளைக் கால் மைல் கணக்கில் சொல்கிறேன். புதிய மாடல் வண்டிகளுக்குச் சில சலுகைகள் உண்டு. அந்த நுணுக்கத்துக்குள் இப்போது போக வேண்டாம்.

ஓட்ட நேரம் 13.99 விநாடி அல்லது அதற்குக் குறைவு என்றால் தரச்சான்று பெற்ற ஹெல்மெட் கட்டாயம். 11.49-க்கு வந்தால் ரோல் பார், அதாவது டிரைவரின் பின்னால் வளைத்து நிறுத்திய இரும்புக் குழாய். 9.99-ஐத் தொட்டால், அல்லது வேகம் 217 கி.மீ. ஆனால், ரோல் கேஜ். இது டிரைவரைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய குழாய்க்கூடு. கூட்டைப் போட்டால் மட்டும் போதாது, அதைச் சோதித்து ஒட்டிய சான்று ஸ்டிக்கரும் ரேஸ் உரிமமும் வேண்டும். வேகம் 241 கி.மீ. ஆனால், பின்னால் விரிந்து வண்டியை இழுத்து நிறுத்த உதவும் பாராசூட்.

ஹெல்மெட் பற்றிக் கொஞ்சம். பீட் ஸ்னெல் என்ற ரேஸ் ஓட்டுநர் 1956-இல் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் பெயரில் 1957-இல் தொடங்கிய ஸ்னெல் நிறுவனம்தான் ஹெல்மெட்டுகளை அடித்து, இடித்துச் சோதித்துச் சான்று தருகிறது. பைக் ஹெல்மெட்டுக்கு ஒரு சான்று, கார் ரேஸ் ஹெல்மெட்டுக்கு வேறு சான்று. கார் ரேஸ் சான்றில் தீயைத் தாங்கும் சோதனையும் உண்டு, பைக் சான்றில் அது இல்லை. பைக்கில் விழுந்தால் தரையில் உருள்வோம். கேபினுக்குள் கட்டிவைத்தபடி இருக்கும்போது எதிரி தீயும் இரும்புக் குழாயும்தான்.

உடைக்கும் இப்படித்தான். எஸ்.எஃப்.ஐ. என்ற அமைப்பின் சான்றில், சாதாரண ஒற்றை அடுக்கு ஜாக்கெட் நேரடித் தீயில் மூன்று விநாடி தாங்கும், அதற்கு மேல் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம். அதைவிடக் கனமான ஒரு தரம் பத்து விநாடி தாங்கும். பெல்ட்டைக் கழற்றி, கூட்டைத் தாண்டிக் கதவு வழியாக இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தால் அந்த ஏழு விநாடியின் மதிப்பு தெரியும். சீட் பெல்ட்டுக்கும் ஆயுள் உண்டு. புதிது போலத் தெரிந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருடம் ஆனால் மாற்ற வேண்டும். வெயிலில் நைந்த நாடா இழுக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால்தான் தெரியும்.

இதுவரை: வேகமாக ஓட அனுமதி தனியாக வருவதில்லை. ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் ஒரு பொருளும், அதற்கு ஒரு சான்றும், அந்தச் சான்றுக்கு ஒரு காலாவதித் தேதியும் கூடவே வருகின்றன.

இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

விதி எழுதுவது சுலபம். அதை நிற்க வைப்பது யார் என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

முதல் ஆள் டெக் சோதனையாளர். காலையில் வண்டி உள்ளே வந்ததும் இவரிடம் வரிசையில் நிற்க வேண்டும். பேட்டரியை ஆட்டிப் பார்ப்பார். சக்கர நட்டுகளைப் பார்ப்பார். பெல்ட்டின் லேபிளைத் திருப்பித் தேதி படிப்பார். ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு ஸ்டிக்கரைத் தேடுவார். கீழே படுத்து ஷாஃப்ட் வளையத்தைப் பார்ப்பார். சரியென்றால் கண்ணாடியில் அடையாளம் போடுவார். அந்த அடையாளம் இல்லாமல் கோட்டுக்குப் போக முடியாது.

இரண்டாவது ஆள் ஸ்டார்ட்டர், கிளம்பும் கோட்டில் நிற்பவர். பலரும் இவரை விளக்கை அழுத்தும் ஆள் என்றே நினைக்கிறார்கள். அவர் கண் வண்டியின் அடிவயிற்றில் இருக்கும். ஒரு சொட்டு ஆயிலோ டீசலோ தரையில் விழுந்தால் கையைக் குறுக்கே காட்டி இன்ஜினை நிறுத்தச் சொல்வார். தடத்தில் எண்ணெய் படிந்தால் அந்த வண்டிக்கு மட்டும் ஆபத்து இல்லை, அடுத்து வருபவனுக்கும்தான். கழுவிக் காயவைக்க ரொம்ப நேரம் பிடிக்கும், அதுவரை ரேஸ் நிற்கும்.

மூன்றாவது மனிதரே இல்லை, கடிகாரம். ஓடி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் நேரச் சீட்டு ஒன்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் ஓட்ட நேரமும் வேகமும் இருக்கும். அதே எண் ரேஸை நடத்தும் கோபுரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். ரோல் கேஜ் இல்லாத வண்டி 9.80 ஓடிவிட்டால் அந்தக் காகிதமே சாட்சி. ‘கேஜ் போட்டுவிட்டு வா, இல்லையென்றால் காலை எடுத்து மெதுவாக ஓட்டு’ என்பார்கள். மறுபடியும் மீறினால் அன்றைக்கு வீட்டுக்கு. ‘என் வண்டி அவ்வளவு ஓடாது சார்’ என்று யாரிடமும் வாதாட முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. தெரிந்தவர், தெரியாதவர் என்று கடிகாரம் முகம் பார்ப்பதில்லை.

உரிமம் தருவதிலும் இதே கண்டிப்பு. மருத்துவச் சோதனை உண்டு. படிப்படியாக வேகம் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும், ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் இரண்டு ஓட்டுநர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சோதனையும் இருக்கிறது. சீட்டில் பெல்ட்டோடு உட்கார வைத்து, கண்ணை மறைத்து, “பாராசூட் எங்கே? எரிபொருள் நிறுத்தும் பிடி எங்கே?” என்று கேட்பார்கள். தடவித் தேடாமல் கை நேராக அங்கே போக வேண்டும். புகையும் தீயும் சூழ்ந்தால் கண்ணுக்கு வேலை இருக்காது, கைக்குத்தான் வேலை.

ஓட்டை எங்கே விழுகிறது?

எல்லா இடத்திலும் இப்படிக் கறாராக நடக்கிறது என்று சொன்னால் அது பொய். சின்னத் தடங்களில் சோதனை சில நேரம் பெயரளவில் முடிந்துவிடும். டீசலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இந்த வண்டிகளில் பல வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டுகிற வண்டிகள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில் டியூனிங் ஃபைல் ஒன்றை ஏற்றினால் ஒரே ராத்திரியில் பலம் கூடிவிடும், ஓட்ட நேரம் இரண்டு விநாடிகூடக் குறையும். கூடு கட்ட வாரக்கணக்கில் ஆகும், பணமும் நிறைய. பலம் விலை மலிவு, பாதுகாப்பு விலை கூடுதல். ஓட்டை விழுவது இந்த இடைவெளியில்தான்.

அதோடு, நல்ல ஏற்பாட்டிலும் பாடங்கள் விபத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. 2008-இல் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் இறந்தார். அவர் ஓட்டியது டீசல் இல்லை, நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளில் ஓடும் நைட்ரோ வண்டி. இன்ஜின் வெடித்தது, வண்டி நிற்காமல் தடத்தின் முடிவைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நைட்ரோ வகுப்புகளின் ஓட்டத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். தடத்தை நீட்ட முடியாத இடத்தில் ஓட்டத்தைக் குறைத்து, நிற்க இடம் கொடுத்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம்

‘செட்டிநாட்டில் பழைய ஏர்ஸ்டிரிப் சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஓட்டினால் என்ன?’ என்ற கேள்வியை இந்தப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது, நேராக இருக்கும் என்பது சரிதான். சென்னைப் பக்கம் சோழவரம் ஓடுதளத்தில் பல வருடங்கள் மோட்டார் ரேஸ் நடந்ததும் உண்மை. ஆனால் அங்கே அமைப்பு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள். வெறும் நேர்ச்சாலை ரேஸ் தடம் ஆகாது. ஓடும் தூரத்தைவிட நிற்கும் தூரம் அதிகமாக வேண்டும். இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர் வேண்டும். ஆடு மாடு குறுக்கே வரக் கூடாது. தீயணைப்பு ஆட்களும் ஆம்புலன்ஸும் இன்ஜின் சூட்டோடு தயாராக நிற்க வேண்டும். இவை இல்லாத இடத்தில், வண்டிக்குள் எத்தனை கூடு கட்டினாலும் பாதிப் பாதுகாப்புதான்.

பைபாஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். எதிரே டூவீலரில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் வருவார், அவர் எந்த ரேஸுக்கும் பெயர் கொடுத்தவர் இல்லை. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை ஒரு வருடம், 10,000 ரூபாய்.

உண்மையிலேயே ஆசை இருந்தால் முறையான வழி இருக்கிறது. இந்தியாவில் மோட்டார் ரேஸுக்கு உரிமம் தருவதும் போட்டிகளை அங்கீகரிப்பதும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முறையான தடங்கள் இருக்கின்றன. காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 400 கி.மீ. தூரம்தான், நம் ஆட்கள் அதைவிடத் தொலைவுக்கு மாடு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். யாராவது ‘டிராக் நிகழ்ச்சி’ என்று போஸ்டர் ஒட்டி நுழைவுக் கட்டணம் கேட்டால், பணத்தைக் கொடுக்கும் முன் நேராகக் கேளுங்கள்: அங்கீகாரம் யாருடையது? இன்சூரன்ஸ் யார் எடுத்திருக்கிறார்கள்? டெக் சோதனை எத்தனை மணிக்கு, யார் செய்கிறார்கள்? கோட்டைத் தாண்டிய பிறகு நிற்க எத்தனை மீட்டர்? ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.